வரதராஜன்பேட்டை ஓட்டு வீடுகளில் பரண் இடம் பெருக்கல்: ஒரு முன்னாய்வு

பழைய ஓட்டு வீட்டுப் பரணில் இன்னும் கொஞ்சம் இடம் தேற்ற முடியுமா என்ற கேள்வியை ஆசாரிகளும் மாமியார்களும் இதுவரை தனித்தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆசாரி மரத்தை அளந்தார். மாமியார் மருமகளின் சீர்வரிசை அண்டாவை அளந்தார். இருவரும் ஒரே ஏணியில் ஏறாததால் இத்துறை வளரவில்லை.

முதலில் கணக்கு. சுவருக்குச் சுவர் 16 அடி, கைமரம் 30 பாகைச் சாய்வு என்று கொள்வோம். விட்டத்திலிருந்து மோட்டுவளை வரை நாலரை அடிக்குச் சற்று மேல். வளர்ந்த ஆள் எங்கேயும் நிமிர முடியாது. சாய்வை 45 பாகையாக்கினால் உச்சி 8 அடியாகும். அப்போதும் 5 அடி உயரம் கிடைப்பது நடுவில் 6 அடி அகலத்துக்குத்தான். மீதி 10 அடியும் பூனைக்குப் பட்டா. அதற்காகக் கூரையைப் பிரிப்பதா? 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய சீமை ஓடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்பவை. ஒன்றை உருவினால் அக்கம்பக்கமும் ஆடும்.

தலையில் இடிக்கிறதென்று குறுக்கு விட்டத்தை அறுக்கச் சொல்லும் பள்ளி ஒன்று உண்டு. கைமரங்கள் எந்நேரமும் சுவரை வெளியே தள்ளப் பார்க்கும்; அவற்றை இழுத்துப் பிடித்திருப்பதே அந்த விட்டம்தான். அறுத்தால் இடம் நிச்சயம் கிடைக்கும், வானம் வரைக்கும்.

ஆகவே செய்யக்கூடியது சின்ன வேலை. பரண் பலகையைத் தாங்கும் கட்டையைப் படுக்கப் போடாமல் நிமிர்த்திப் போட வேண்டும். மூன்றுக்கு ஆறு அங்குலக் கட்டை, படுத்திருப்பதைவிட நின்றால் இரண்டு மடங்கு சுமக்கும்; வளைவதோ கால் பங்குதான். மனிதர்களிடம் இந்த விதி செல்லாது. கரையானுக்கு வெளியூர் மருந்தும் வேண்டாம்: முந்திரி விளையும் ஊரில் கொட்டை ஓட்டின் எண்ணெயைவிடக் காட்டமானது எது? பூசுகிறவர் கையில் பட்டால் தோலும் உரிந்துவிடும், அது தனி ஆய்வு.

இத்தனைக்கும் பிறகு கிடைத்த இடம் எங்கே போகிறது? தகரப்பெட்டிக்கு. அதில் நிலப் பத்திரங்கள். இந்த ஊர் 1995 வரை திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர், 2001-இல் அரியலூர், 2002-இல் மறுபடி பெரம்பலூர், 2007-இல் மறுபடி அரியலூர். நிலம் நகரவில்லை, தாள்கள் மட்டும் ஒவ்வொரு மாவட்டப் பெயரிலும் சேர்ந்துகொண்டே வந்தன. எதையும் தூக்கிப் போட வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை. "கிடக்கட்டும், வேணும்னா தேடுவாங்க" என்பார் ஆயா. பரணியலின் அடிப்படை விதி அந்த ஒரு வாக்கியம்தான். கணக்கெல்லாம் அதற்கு அடிக்குறிப்பு.

விதிக்கு விலக்கு டிசம்பர். அலங்கார அன்னை மாதா கோயில் உள்ள இந்த ஊரில் கிறிஸ்துமஸ் குடில் சொரூபங்கள் பரணிலிருந்து இறங்கும்போது ஒரு மூலை காலியாகிறது. அந்தக் காலியிடம், பழைய மின்விசிறியும் முந்திரிச் சாக்குகளும் ஏறும்வரைதான். ஜனவரியில் திரும்பி வரும் மூன்று ராஜாக்கள், ஒட்டகத்தோடு, பீரோ மேல் நிற்கிறார்கள்.