தர்பூசணி வாசனையில் மூச்சு

அக்கா மகனுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயது 24. நோய்நொடி ஒன்றும் இல்லை, நாளெல்லாம் நாற்காலியைத் தேய்க்கிற வேலை. ஜிம் மாஸ்டரிடம் போய்ச் சொன்னான். ஓடச் சொன்னால் மாஸ்டருக்கு என்ன கிடைக்கும்? பி.சி.ஏ.ஏ. என்ற சத்துப் பொடி டப்பா ஒன்றைத் தலையில் கட்டினார். "ஸ்டாமினா பிச்சிக்கும் தம்பி!"

பிய்த்துக்கொண்டது பர்ஸ்தான்.

டப்பாவைத் திறந்தேன். பாதிக்கு மேல் காற்று. மூக்கைத் துளைக்கும் தர்பூசணி வாசனை. தர்பூசணி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. உள்ளே லூசின், ஐசோலூசின், வாலின் என்று மூன்று அமினோ அமிலங்கள். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாமல் சாப்பாட்டை நம்பியிருக்கும் அமினோ அமிலங்கள் 9. தசை கட்ட அத்தனையும் வேண்டும். செங்கல்லும் மணலும் இல்லாத மனையில் சிமென்ட்டை மட்டும் இறக்கிவிட்டு, கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்கிறார்கள். அந்த ஒன்பதும் ஓர் அவித்த முட்டையில் இருக்கின்றன. பாவம், முட்டைக்காரர் ஸ்டேட்டஸில் சிக்ஸ்பேக் படம் போடுவதில்லை.

இதெல்லாம் தசைக் கதை. பையன் கேட்டதோ மூச்சு. இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, அதில் வரும் ஆக்சிஜனைத் தசைக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு எரிக்கிறது, அதுதான் பெரும்பாலும் கணக்கு. வாரக்கணக்கில் வியர்த்தால் இரண்டும் கூடும். நன்றாகச் சாப்பிடும் ஆளுக்குப் பொடி அவற்றைக் கூட்டும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. டப்பாவில் இருக்கும் அந்த மூன்று அமினோ அமிலங்களின் பேரில் வந்த வாக்குறுதிகளை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-லேயே நிரூபணம் போதாது என்று தள்ளிவிட்டது.

அதனால் என்ன, கடை மூடவா போகிறது? 1989-இல் அமெரிக்காவில் டிரிப்டோஃபான் என்ற இன்னோர் அமினோ அமில மாத்திரையைத் தின்று 1,500-க்கும் மேற்பட்டோர் தசைவலியில் துடித்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மாத்திரையில் மாசு கலந்திருந்தது என்றார்கள். ஐந்தே வருடத்தில், 1994-இல், அதே நாடு சட்டம் போட்டது: இப்படிப்பட்ட சத்துப் பொடி, மாத்திரைகளை விற்குமுன் பலன் உண்டென்று அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை! செத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

நம்மூர் டப்பாவில் ஒரு வரி இருக்கிறது: மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. எறும்பு படிக்கிற எழுத்து. பக்கத்தில் பாயும் புலி மட்டும் உள்ளங்கை அகலம்.

டப்பாவோடு மாஸ்டரிடம் போனேன். கொஞ்சமும் அசரவில்லை.

"சார், இதோட டெய்லி நாற்பது நிமிஷம் ஓடணும்ல? ஓடினா ஸ்டாமினா வரும்."

"அப்ப டப்பா எதுக்கு?"

"ஓடினா தாகம் எடுக்கும்ல சார்."