ஒன்பதாம் பார்: ஓர் ஆய்வு

'பார்' என்னும் சொல் பெயராய் நின்று உலகையும், வினையாய் நின்று காண்பதையும், அந்தி சாய்ந்தபின் வேறோர் இடத்தையும் குறிக்கும். இவ்விடத்து நான்கு தட்டு கொண்ட தாள அளவு என்று கொள்க. இசை மென்பொருளைக் கணினியில் இறக்கிய புதியவர் எவரும் எட்டாவது பார் வரை ஒரே மூச்சில் ஏறிவிடுகிறார். ஒன்பதாவது பாரைக் கண்டவர் அரியர். அஃது ஏன் என்பதே ஆய்வுப் பொருள்.

ஆய்வுக்கு உட்பட்டவர் ஒருவர், இக்கட்டுரையாளர். சாட்சியும் ஒருவர், அவருடைய அம்மா. கணினி இருக்கும் கூடத்தை ஒட்டியே சமையலறை என்பதால் அவருக்குத் தப்ப வழியில்லை.

முதலில் கணக்கு. ஏபிள்டன் லைவ் என்னும் இசை மென்பொருளைத் திறந்தால் நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். மாற்றலாம், புதியவர் மாற்றமாட்டார். எட்டு பாருக்கு 32 தட்டு, அதாவது 16 விநாடி. கிக், ஸ்னேர், ஹைஹேட், மேலே கொஞ்சம் ஸ்ட்ரிங்ஸ் என்று அடுக்கி, லூப்பில் ஓடவிட்டு, ஸ்னேர் சற்றுத் தடித்திருக்கிறதோ என்று மூன்று மணி நேரம் யோசித்தால் அதே துண்டு 675 முறை ஓடியிருக்கும். 300-ஆவது சுற்றில் ஆஸ்கர் மேடையில் என்ன பேசுவது என்ற கவலை. 500-ஆவது சுற்றில், வங்கித் தேர்வுக்குப் படித்திருக்கலாமோ என்ற கவலை. துண்டு மட்டும் மாறவில்லை.

அற்றேல் இது சோம்பல் அன்றோ எனின், அன்று. உழைப்பு அனைத்தும் பிளக்-இன் சேகரிப்பில் போயிற்று. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட விஎஸ்டி என்னும் பிளக்-இன் முறை, 1999-இல் இசைக்கருவிகளுக்கும் வாசலைத் திறந்தது. அன்று முதல் எவர் செய்த வயலினையும் நம் கணினியில் குடிவைக்கலாம். என்னிடம் பதினான்கு பியானோக்கள் உள்ளன. வாசிக்கத்தான் தெரியாது.

பியானோ ரோலில் சுரங்களை மவுஸால் வரையலாமே எனின், வரையலாம். ஆனால் அவை செங்கல் போல நேராக நிற்கும். சுரத்துக்குச் சுரம் போகிற வழியில்தான் கமகம் இருக்கிறது. கல்யாணி வரைந்தேன். காலிங் பெல் வந்தது. எல்லாச் சுரத்துக்கும் ஒரே அழுத்தம் கொடுத்ததும் ஒரு காரணம். 1983-இல் வந்த மிடி முறை, விரலின் அழுத்தத்துக்கு 127 வரை படி வைத்திருக்கிறது. நான் மேல்படியிலேயே குடியிருந்தேன்.

கீபோர்டு வாங்கினால் தீரும் என்பாரும் உளர். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து வெளியே விடும் பஃபர் 1024 மாதிரி என்றிருந்தால், நொடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் அது நிரம்ப 23 மில்லிவிநாடி ஆகும். அந்நேரத்தில் ஒலி காற்றில் ஏறக்குறைய 8 மீட்டர் போய்விடும். ஆக, விரல் நம் வீட்டில், சத்தம் எதிர்வீட்டுத் திண்ணையில். 64-க்குக் குறைத்தேன். சத்தம் அருகில் வந்தது. கூடவே என் பழைய மடிக்கணினி கடுகு தாளிக்கத் தொடங்கியது. அடுப்பில் எதையோ விட்டுவிட்டோம் என்று அம்மா எழுந்து ஓடினார்.

அடுத்தது சுவடியியல். இந்த எட்டு பாருக்கு 'பாட்டு', 'பாட்டு புதுசு', 'பாட்டு கடைசி' தொடங்கிப் பதினொரு கோப்புகள் கிடைத்தன. உ.வே.சா. வழிநின்று அவற்றை ஒப்புநோக்கியதில் கிடைத்த பாடவேறுபாடு ஒன்றே: கிக்கின் சத்தம் அரை டெசிபல் கூடியிருக்கிறது.

சாட்சியின் வாக்குமூலம் இனி. மூன்றாம் நாள் வாசற்படியில் வந்து நின்று கேட்டார்: "ஏன்டா, இந்தப் பாட்டு எப்பத்தான்டா ஆரம்பிக்கும்?" இத்துறையில் இதைவிடக் கூர்மையான வினாவை இதுவரை எவரும் எழுப்பவில்லை என்பது என் துணிபு.

அன்று மாலை லூப் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பாத்திரம் துலக்கியபடி அதனோடு சேர்ந்து முணுமுணுத்தார். எட்டாவது பார் முடிந்தது. கணினி முதலாவதுக்குத் திரும்பியது; அம்மா திரும்பவில்லை. என்னைத் தூங்கவைக்கப் பாடிய தாலாட்டுக்குள் வெகு இயல்பாக இறங்கிப் போனார். ஒன்பது, பத்து, பதினொன்று. ஓடிப்போய் மைக்கைச் செருகி, டிராக்கைத் தயார் செய்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

குக்கர் விசில் 24 பிட்டில், பிசிறே இல்லாமல் பதிவாகியிருக்கிறது.