தம்பி தேறிவிட்டார்

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். பல லட்சம் பேரைத் தாண்டி, பொறியியல் பட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, தாலுகா ஆபீஸுக்கு இளநிலை உதவியாளராக ஒருவர் வந்து சேர்கிறார். முதல் நாள் 10 மணிக்கு முன்பே ஆஜர். பெருக்கிக்கொண்டிருக்கும் அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்து, "யாரைப் பார்க்கணும் தம்பி? சாருங்க யாரும் இன்னும் வரலையே" என்கிறார்.

முதல் வாரத்தில் அவர் செய்யும் பெரிய குற்றம், கேட்டவுடன் பதில் சொல்வது. மனுவோடு வந்த ஒரு பெரியவரை உட்காரவைத்து, மனுவை முழுதாகப் படித்து, அன்று மாலையே குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிடுகிறார். பக்கத்து சீட் உதவியாளர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வருகிறார்.

"நல்லா வேலை செய்றீங்க தம்பி. ஆனா நாளைக்குத் தணிக்கையில ஒருத்தர் வந்து, மத்தவங்க மனுவெல்லாம் கிடக்கறப்ப இவருக்கு மட்டும் ஏன் ஒரே நாள்ல முடிச்சேன்னு கேட்பாரே, என்ன சொல்வீங்க?"

தம்பியிடம் பதில் இல்லை. அடுத்த மனு இரண்டு வாரம் ஊறுகிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்பவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்காதவர்கள். செய்யாத வேலைக்கு வருவது நினைவூட்டுக் கடிதம். மிஞ்சினால் ஒரு மெமோ. செய்த வேலையில் பிழை என்றால் வருவது 17(பி), அதாவது பெருந்தண்டனைக்கான விதி. அது வந்துவிட்டால் பதவி உயர்வு வாசலிலேயே நின்றுவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு பவானிசாகரில் நடக்கும் பயிற்சியில் விதியின் எண்ணைச் சொல்லித் தருகிறார்கள். அதற்கு நடுங்கச் சொல்லித் தருவது பதினொரு மணி டீ. ஓய்வு பெறும் நாளன்று, மாலை தயாராக இருக்கும்போது, சஸ்பெண்ட் ஆர்டர் வாங்கிய யாரோ ஒரு பழைய தாசில்தாரின் கதை அங்கேதான் சொல்லப்படும். எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருந்திருக்கிறார். எல்லாக் கதையிலும் அவர் ரொம்ப நல்லவர், கடகடவென்று கையெழுத்துப் போடுபவர்.

ஆறு மாதத்தில் தம்பியின் குறிப்புகளில் 'நான்' காணாமல் போகிறது. 'பார்த்தேன்' போய், 'பரிசீலிக்கப்பட்டது' வருகிறது. 'வழங்கலாம்' என்று எழுதினால் பொறுப்பு அவர் தலையில். 'வழங்கலாமா என்பது குறித்துத் தக்க ஆணை வேண்டிப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதினால் கோப்பு தானாக நடந்து அடுத்த மேசைக்குப் போய்விடும். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, "பிடிச்சிருக்காடா?" என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்னது: "அப்பா முதல்ல சொல்லட்டும்மா. நான் கீழே கையெழுத்துப் போட்டுடறேன்."

மற்ற கலைகள் எளிது. நாற்காலியில் பை இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். 5.45-க்கு எழுந்துவிடலாம், ஆனால் அதிகாரியின் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்க வேண்டும்.

ஆனால் இதே தம்பியைப் புயல் நாளில் பார்க்க வேண்டும். இரவெல்லாம் தூக்கமில்லை, முகாமுக்கு அரிசி மூட்டை ஏற்றுகிறார், பால் பாக்கெட் எண்ணுகிறார், குறிப்பு எழுதாமல் முடிவெடுக்கிறார். தேர்தல் வந்தாலும் அப்படித்தான். கலெக்டர் மணிக்கொரு தரம் போன் செய்யும் அந்த நாட்களில் மட்டும் செய்யாமல் இருப்பதுதான் குற்றம். தண்ணீர் வடிந்ததும் பை மறுபடி நாற்காலிக்கு வந்துவிடும். பிறகு அந்த அரிசிக்குத் தணிக்கை வரும். மூட்டைக் கணக்கில் ஒன்று இடித்தால், அன்று தூங்காமல் இருந்தவரைத்தான் கேட்பார்கள்.

மின் அலுவலகம் வந்தபோது இனி எல்லாம் பறக்கும் என்றார்கள். கோப்பு இப்போது கணினியில்தான் போகிறது. துணை தாசில்தார் அதைத் திறந்து, காகிதக் காலத்தில் ஓரத்தில் கிறுக்கிய அதே ஒற்றைச் சொல்லைத் தட்டி அனுப்புகிறார்: 'பேசுக.'

அவர் உட்கார்ந்திருப்பது எதிர் மேசையில். தம்பி கோப்பை முழுதாகப் பிரின்ட் எடுத்து, டேக் போட்டுக் கட்டிக்கொண்டு, பேசப் போகிறார்.