பங்கும் துப்பும்

கணினி வன்பொருளைப் பங்கு போடுவது இரண்டு வகைப்படும். ஒரே விசைப்பலகையிலும் திரையிலும் பல சிபியுக்களைக் கட்டி மேய்ப்பது முதல் வகை. ஒரே சிபியுவைப் பல பேர் சூழ்ந்துகொள்வது இரண்டாம் வகை. முதல் வகைக்குத் தேவையான பொருளின் பெயர் கேவிஎம் ஸ்விட்ச். தில்லி நேரு பிளேஸில் கேட்டால் கிடைக்கும். இரண்டாம் வகைக்குத் தேவையானதன் பெயர் குடும்பம், கேட்காமலே கிடைக்கும்.

இரண்டாம் வகையில் தில்லி கண்ட புகழ்பெற்ற சோதனை, நேரு பிளேஸை அடுத்த கால்காஜியில் 1999 ஜனவரியில் தொடங்கியது. என்ஐஐடி நிறுவனத்தின் சுகதா மித்ரா, அலுவலக மதிலில் ஓட்டை போட்டு, இணைய வசதியுள்ள கணினி ஒன்றைப் பதித்து வைத்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் குடிசைகள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. சிறுவர்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு தாங்களே கற்றார்கள். பெயரும் தாங்களே வைத்தார்கள். திரையில் ஓடும் அம்புக்குறி 'சூயி', அதாவது ஊசி. காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரம் 'டமரு', அதாவது உடுக்கை. அந்தக் காலத்து விண்டோஸ் ஆடிய ஆட்டத்துக்கு உடுக்கை பொருத்தமே.

அரசுக் குடியிருப்பின் இரண்டு அறை வீடுகளில் சோதனை சற்றுக் கடுமையானது. கணினி ஹாலில் இருக்கும். அப்பாவுக்கு ரயில் டிக்கெட், மகனுக்கு 'ப்ராஜெக்ட்', அம்மாவுக்கு வெளிநாட்டிலுள்ள மகளின் முகம். நேரத்தை அளக்கும் அலகு 'இன்னும் அஞ்சே நிமிஷம்'. ஓர் அலகு என்பது சுமார் முக்கால் மணி நேரம்.

செல்போனைத் துப்பறியும் கலை இதே ஹாலில்தான் வளர்ந்தது. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தார்; இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. வந்த அழைப்புக்கும் காசு கொடுத்த அந்த நாட்களில் துப்பறியத் தேவையே இல்லை. வைத்திருந்தவரே எல்லோருக்கும் எடுத்துக் காட்டினார். விலை குறைந்து போன் பிள்ளைகள் கைக்கு வந்ததும் ஒளித்தல் தொடங்கியது, கண்டுபிடித்தலும் தொடங்கியது.

மிக மலிவான கருவி, கணினியோடு வந்த ஸ்பீக்கர். ஜிஎஸ்எம் போன் அலையைத் தொடர்ச்சியாக அனுப்பாது. நொடிக்கு சுமார் 217 முறை விட்டு விட்டு அனுப்பும். ஸ்பீக்கரின் வயர் ஆன்டெனாவாகி அதைப் பிடிக்கும். உள்ளேயிருக்கும் ஆம்ப்ளிஃபையர் அந்தத் துடிப்பைக் காதுக்கு எட்டும் இரைச்சலாக்கும். மணி அடிப்பதற்கு முன்பே டவரும் போனும் பேசிக்கொள்வதால், 'டிடிட் டிடிட்' சத்தம் ஓரிரு நொடி முந்திக்கொள்ளும். தலையணைக்கு அடியில் சைலன்டில் கிடக்கும் போனை ஸ்பீக்கர் ஊருக்கே போட்டுக் கொடுக்கும்.

அடுத்தது கைவினைக் கருவி. ஓக்லாவிலிருந்து வரும் 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' இதழ் இதற்கான சுற்று ஒன்றை வெளியிட்டிருக்கிறது. 0.22 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் கால்கள் அலையைப் பிடிக்கும், சிஏ3130 சில்லு அதைப் பெருக்கும், எல்இடி மினுக்கும், பஸர் கத்தும். எல்லை சுமார் ஒன்றரை மீட்டர். உதிரிகள் செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் கிடைக்கும். சாலிடர் வைத்து விரலைச் சுட்டுக்கொள்வது தனிச் செலவு.

இதன் குறைகள் இரண்டு. அணைத்து வைத்த போன் அலை விடாது, ஆகவே அகப்படாது. இரண்டாவது, போன் இருக்கிறது என்று கருவி சொல்லும், யாருடையது என்று சொல்லாது. தேர்வு அறைக்குள் இதை ஏந்திவரும் கண்காணிப்பாளர், தம் சட்டைப்பையைக் காலி செய்துவிட்டு வருவது நலம்.

3ஜி வந்தபின் அலை விட்டு விட்டு வருவது குறைந்து ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது. ஆளுக்கொரு போன் ஆனதால் ஒளிக்கவும் தேவையில்லை. ஹால் கணினி உறை போட்டுத் தூங்குகிறது. இன்று வீட்டில் பங்கு போடப்படும் ஒரே வன்பொருள் சார்ஜர். அதைக் கண்டுபிடிக்கும் கருவிதான் இன்னும் லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்கு வரவில்லை.