உப்புத் தண்ணீருக்குப் பூக்குமா?

கேள்வி: எங்கள் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதை ஊற்றிப் பூச்செடி வளர்க்கலாமா? (சாயல்குடி)

பதில்: வளர்க்கலாம். நாக்கை நம்பி முடிவு செய்யாமல் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி முக்கிப் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை என்றால் பொதுவாகக் கவலையில்லை. 450-இலிருந்து 2,000 வரை செடி பார்த்து வைக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் கட்டுப்பாடு கடுமை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பாசன நீருக்கு வகுத்த வரம்புகள் இவை. மேல் வரம்பைத் தாண்டிய தண்ணீருக்கும் அரளி, காகிதப்பூ, டேபிள் ரோஸ் ஆகியவற்றை வைத்துப் பார்க்கலாம். கடல் நீரில் சுமார் 35,000 மில்லிகிராம் இருக்கிறது. உங்கள் போர் அந்தக் கணக்கில் வராது, தைரியமாகத் தொடங்குங்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றினால் உப்பும் கொஞ்சமாகத்தானே சேரும்? (அருப்புக்கோட்டை)

பதில்: நடப்பது நேர்மாறு. 2,000 டிடிஎஸ் உள்ள தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு. தொட்டிக்குத் தினம் ஒரு லிட்டர் என்றால் மாதத்தில் 60 கிராம். தண்ணீரைச் செடி குடிக்கும், வெயில் குடிக்கும். உப்பைக் குடிக்க ஆளில்லை, அது தொட்டியிலேயே தங்கிவிடும். அளந்து அளந்து ஊற்றுகிறவர்களின் தொட்டி விளிம்பில்தான் வெள்ளை படிகிறது.

ஊற்றுகிற நாளில் அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றுங்கள். வடியும் தண்ணீர்தான் பழைய உப்பைக் கரைத்து வெளியே கொண்டுபோகும். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், வடிந்ததை மண் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதிச் செடிகள் பிழைத்துவிடும் என்று நம்புகிறேன். உப்புத் தண்ணீரை விட, வடிய வழியில்லாமல் மண்ணில் நின்றுவிட்ட உப்பு கொன்ற செடிகளே அதிகம்.

கேள்வி: மண் ஈரமாகத்தான் இருக்கிறது. செடி மட்டும் வாடுகிறதே? (விளாத்திகுளம்)

பதில்: ஈரம் இருக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. மண்ணிலுள்ள நீரில் உப்பு ஏற ஏற, அந்த நீரை இழுக்க வேர் அதிகம் பாடுபட வேண்டும். சோடியமும் குளோரைடும் இலையில் சேரும்போது நுனியும் ஓரமும் கருகும், முதிர்ந்த இலைகளில் முதலில். பயந்துபோய் உரத்தை அள்ளிப் போடாதீர்கள், ரசாயன உரமும் உப்புதான். பொட்டாஷ் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் மியூரியேட்டை விட்டு சல்பேட் வாங்குங்கள். மியூரியேட்டில் குளோரைடு இருக்கிறது.

கேள்வி: தேத்தாங்கொட்டை போட்டால் உப்பு இறங்குமா? கொதிக்க வைத்தால்? (கமுதி)

பதில்: தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும். கரைந்த உப்பை அதால் தொட முடியாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி, மீதி இன்னும் உப்பாகும்.

கேள்வி: ரோஜா? (திருச்செந்தூர்)

பதில்: உப்புக்கு மிகவும் வாடுகிற இனம். மொட்டைமாடி மழைநீரைச் சேமித்து அதற்கென்று ஒதுக்கிவைக்க முடிந்தால் வையுங்கள். முடியாதென்றால் நித்தியகல்யாணி வையுங்கள், வருஷம் முழுக்கப் பூக்கும்.

கேள்வி: பாலைவனத்தில் உப்புத் தண்ணீரிலேயே தோட்டம் போட்டார்கள் என்கிறார்களே, நிஜமா? (தூத்துக்குடி)

பதில்: நிஜம். இஸ்ரேலின் தென்கோடியில், செங்கடல் கரையில், எய்லாத் இருக்கிறது. சராசரியாக ஆண்டுக்கு 30 மில்லிமீட்டர் மழைகூடக் காணாத ஊர். 1949-இல் அங்கே பசுமை உண்டாக்கும் வேலையில் இறங்கினார்கள் ஹ்யூகோ போய்க்கோவும் எலிசபெத் போய்க்கோவும். கணவர் தாவரச் சூழலியலாளர், மனைவி தோட்டக்கலை அறிந்தவர். கிடைத்தது உவர் கிணற்று நீர்தான். அதைக் கொண்டே செடிகளையும் மரங்களையும் வளர்த்தார்கள். இந்த அனுபவத்தை ஹ்யூகோ 1967-இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதினார்.

அவர்களுக்குக் கைகொடுத்தது மணலும் சரளையும். ஊற்றிய நீர் மளமளவென்று கீழே இறங்கிவிடும், உப்பு வேரருகே தேங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்கும். எனவே தேரி மணல்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டு உற்சாகப்படலாம். கரிசல்காரர்கள் நிதானிக்க வேண்டும். களிமண்ணில் சோடியம் சேர்ந்தால் மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் நிற்கும். அங்கே உயரப் பாத்தி, நிறையத் தொழு உரம், தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் ஆகிய மூன்றும் இல்லாமல் உப்புத் தண்ணீரைத் திறக்கவே கூடாது.

கேள்வி: ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். (முதுகுளத்தூர்)

பதில்: மண்ணில் சோடியம் மிகுந்திருந்தால் ஜிப்சத்தின் கால்சியம் அதை மண்துகளிலிருந்து தள்ளிவிடும். தள்ளியதைக் கழுவிப்போகத் தண்ணீரும் வேண்டும். வெறும் உப்பு மிகுதி என்றால் ஜிப்சத்தால் பயனில்லை. மண் பரிசோதனைச் சீட்டு கையில் வந்த பிறகு மூட்டை வாங்குங்கள்.

கேள்வி: செண்டுமல்லி விதை போட்டால் முளைப்பதே இல்லை. நாற்று வாங்கி நட்டால் வருகிறது. (ஒட்டப்பிடாரம்)

பதில்: செடிகளில் பலவும் பச்சைக் குழந்தைப் பருவத்தில்தான் உப்புக்கு அதிகம் தோற்கின்றன. நாற்றங்காலுக்கு மட்டும் மழைநீர் கொடுங்கள், பத்துக் குடம் போதும். தென்னைநார்க் கழிவில் நாற்று விடுகிறீர்கள் என்றால் அதை முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள், அதிலேயே உப்பு இருக்கலாம். வயலில் பார் பிடித்து நடும்போது உச்சியில் நடாதீர்கள். இரண்டு பக்கச் சாலிலிருந்தும் ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுபோய்க் குவிப்பது பாரின் நடு உச்சியில். சரிவில் நட்டால் செடி தப்பும்.

கேள்வி: சொட்டுநீர் போட்டிருக்கிறேன். மழை வந்தால் நிறுத்திவிடலாமே? (பரமக்குடி)

பதில்: நீண்ட கோடைக்குப் பிறகு வரும் முதல் தூறலுக்கு நிறுத்தாதீர்கள்! சொட்டுநீர் நனைக்கும் வட்டத்தின் ஓரத்தில் உப்பு ஒதுங்கி நிற்கும். சிறு மழை அதைக் கரைத்து வேருக்குள் தள்ளிவிடும். அந்த நேரத்தில் சொட்டுநீர் ஓடினால் உப்பு உள்ளே வராது. மண் ஆழமாக நனையும்படி நல்ல மழை பெய்துவிட்டால் நிறுத்துங்கள், அந்த மழையே மண்ணைக் கழுவிவிடும்.

கேள்வி: வாசலுக்குச் சரி. விற்பனைக்கு ஆகுமா? (எட்டயபுரம்)

பதில்: எதை விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் அமெரிக்க அரசின் உவர்நிலை ஆய்வகம் 1937 முதல் இயங்குகிறது. கோழிக்கொண்டை, செண்டுமல்லி, ஸ்டாட்டிஸ் போன்ற பூக்களை அங்கே உவர் நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டிஸ் இலையில் உப்பை வெளியே கக்கும் சுரப்பிகளே உண்டு. அப்படிப்பட்ட செடிக்கும் உப்பு ஏற ஏறக் காம்பு குட்டையானது. பூங்கொத்துக் கடைக்குப் போகும் பூவுக்குக் காம்பின் நீளம்தான் விலை, அங்கே அது நஷ்டம்.

நம் ஊரில் அரளியையும் செண்டுமல்லியையும் உதிரியாக எடைபோட்டு விற்கிறோம். காம்பை யாரும் அளப்பதில்லை. இது நமக்கு ஒரு வசதி. ஆனால் பூவின் எண்ணிக்கையும் அளவும் குறையலாம் என்பதால், முதல் வருஷம் ஒரு மூலையில் மட்டும் போட்டு எடைபார்த்துவிட்டுப் பரப்புங்கள். தொட்டிச்செடி விற்பவருக்கோ செடி குட்டையாக, அடர்த்தியாக நிற்பது லாபமாகவே முடியும்.

கேள்வி: வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி இருக்கிறது. அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடலாமா? ஆர்.ஓ. கழிவு? (சென்னை)

பதில்: முதலாவது வேண்டாம். அந்தக் கருவி கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. செடிக்கு அதைவிடக் கரடுமுரடான பழைய தண்ணீரே மேல். ஆர்.ஓ. கழிவில் உள்ளே போனதைவிட உப்பு கூடுதலாக இருக்கும், மீட்டரில் பார்த்துவிட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கலந்து விடுங்கள். ஏசி தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை.

கேள்வி: பூவாளியால் இலை நனைய ஊற்றினால் செடி குளிர்ச்சியாக இருக்குமே? (காயல்பட்டினம்)

பதில்: உப்புத் தண்ணீரில் கூடாது. இலைமேல் காய்ந்த உப்பு இலையைச் சுடும். வேரடியில் ஊற்றி, காய்ந்த சருகால் மூடாக்குப் போடுங்கள்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் கடல் நடுவே மல்லிகை நாற்று விளைகிறது. நாங்கள் ஆழப் போர் போட்டும் உப்புதான். ஏன்? (ராமேசுவரம்)

பதில்: ஆழம் போனதுதான் காரணம். தீவு மணலுக்குள் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை அது இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மேலே ஒரு மீட்டரை இறைத்துத் தீர்த்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று யோசியுங்கள். ஆழம் குறைந்த கிணறு, மெதுவான இறைப்பு, மழைநீரை மணலுக்குள் இறக்குவது, இவைதான் அங்கே பாசனம்.

கேள்வி: கடற்கரையிலேயே வீடு. காற்றிலும் உப்பு. வேலியோரம் என்ன நடலாம்? (மணப்பாடு)

பதில்: பூவரசு. போத்து வெட்டி நட்டாலே துளிர்க்கும், முதல் கோடைக்கு மட்டும் நல்ல தண்ணீர் கொடுங்கள். தரையில் படர அடும்பு விடுங்கள்.