ஈசானில் விருந்தாளி

தாய்லாந்தின் வடகிழக்கே, ஈசான் கிராம வீடொன்றில் தங்கப் போகிறவர்கள் அலாரம் எடுத்துப்போக வேண்டாம். ஊர்த் தலைவரின் ஒலிபெருக்கி கருக்கலிலேயே கூட்டம், உரம், தடுப்பூசி என்று ஆரம்பித்துவிடும். அதையும் தாண்டித் தூங்குகிறவரை 8 மணிக்குத் தேசிய கீதம் எழுப்பும்.

அடுத்தது குளியல். வீட்டம்மா காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் "குளிச்சாச்சா?" என்பார். ஆச்சு என்று புளுகிப் பயனில்லை. தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தமே கேட்கவில்லையே என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சாட்சி சொல்வார். கொஞ்சம் தனியாக இருப்போம் என்று பகலில் அறைக்கதவைச் சாத்தினாலோ, உடம்புக்கு என்னவோ என்று தெருவே தைலத்தோடு வந்து நிற்கும்.

சாப்பாடு தரையில், பாய் விரித்து. மூங்கில் கூடையிலிருந்து ஒட்டும் அரிசிச் சோற்றைக் கிள்ளி, விரலால் உருட்டி, இடித்த பப்பாளிக்காயில் தொட்டுத் தின்ன வேண்டும். அதில் சேர்ந்திருக்கும் ப்ளா ரா, அதாவது மாதக்கணக்கில் உப்பில் ஊறிய மீன், வாசலுக்கே வந்து வரவேற்கும். காரத்தை உங்களுக்காகக் குறைத்திருப்பார்கள். மிளகாயை எண்ணிப் போட்டிருப்பார்கள் என்று அர்த்தம். கோடையில் செவ்வெறும்பு முட்டை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். விலை கூடின பண்டம், விருந்தாளிக்கென்றே வாங்கியது. மரியாதைக்கு "பிரமாதம்" என்று சொல்லிவைத்தீர்களோ, மறுநாளும் அதுதான்.