படிக்கட்டுத் திணை: ஓர் ஆராய்ச்சி

நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று பகுத்து, பாலையையும் சேர்த்து ஐந்தாக்கிய நம் இலக்கண ஆசிரியர்கள் டோக்கியோவின் யோட்சுயா பகுதியைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அக்காலத்தில் அனிமே கிடையாது. விட்டதைச் சேர்ப்பது பின்வந்தோர் கடன் என்பதால் இந்த ஆராய்ச்சி எழுந்தது.

ஆய்வுப்பொருள் ஒரு படிக்கட்டு. ஷின்ஜுகு வட்டத்தில் சுகா என்ற ஷிண்டோ கோயிலுக்கு ஏறிப்போகும் படிக்கட்டு. நடுவில் சிவப்புக் கைப்பிடி, சுற்றிலும் குடித்தனக்காரர்களின் வீடுகள். கோயிலுக்குப் போகிறவர்களும் வீட்டுக்குப் போகிறவர்களும் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். 2016 ஆகஸ்ட் 26ஆம் தேதி மகோட்டோ ஷின்காய் இயக்கிய ‘கிமி நோ நா வா’ வெளியானது. நம் ஊர்ப் பிள்ளைகள் ‘யுவர் நேம்’ என்பார்களே, அதுதான். ஜப்பானில் மட்டும் 2,500 கோடி யென் வசூல். படம் முழுக்கத் தேடி அலைந்த ஆணும் பெண்ணும் கடைசியில் இந்தப் படிக்கட்டில்தான் ஒருவர் ஏற ஒருவர் இறங்க எதிர்ப்பட்டு, கடந்துபோய், திரும்புகிறார்கள். அதன் பிறகு அந்தப் படிக்கட்டுக்குச் சும்மா இருக்கும் வாய்ப்பு போய்விட்டது.

இப்படிப் படத்தில் வந்த இடத்தைத் தேடிப்போவதை ஜப்பானியர் தலயாத்திரை என்றே சொல்கிறார்கள். ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றிவரும் பழைய யாத்திரை ஒன்று உண்டு. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு, அனிமே சுற்றுலாச் சங்கம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் 88 அனிமே தலங்களை அறிவிக்கிறது. நமக்கு இது புதிதில்லை. நாயன்மார் பாடினால் பாடல் பெற்ற தலம். ஷின்காய் வரைந்தால் படம் பெற்ற தலம்.

இனி முதற்பொருள். நிலமும் பொழுதும் என அது இருவகைப்படும். நிலத்திலேயே ஒரு முடிச்சு விழுகிறது. நாயகனும் நாயகியும் அருகருகே ஓடும் இரண்டு ரயில்களிலிருந்து ஒருவரையொருவர் கண்டு, வெவ்வேறு நிலையங்களில் இறங்கி ஓடுகிறார்கள். யோட்சுயாவுக்கும் ஷின்ஜுகுவுக்கும் நடுவே இரண்டு தடங்கள் இணையாகப் போகின்றன. மஞ்சள் பட்டை போட்ட சோபு வண்டி ஷினானோமாச்சி, செண்டகாயா, யோயோகி என்று ஒன்று விடாமல் நிற்கும். ஆரஞ்சுப் பட்டை போட்ட சூவோ விரைவு வண்டி நடுவில் எங்கும் நிற்காது. ஷின்ஜுகு பக்கம் போகும் விரைவு வண்டியில் நின்றுகொண்டு காதலியைக் கண்டவர், ஷின்ஜுகு வரை பல்லைக் கடித்துக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும். அங்கிருந்து சுகா படிக்கட்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் எத்தனையோ சந்துகள், எத்தனையோ படிகள். அங்கெல்லாம் சந்திக்காமல் இங்கே வந்து சந்தித்தது எப்படி எனின், எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டிப் பொருள் கொள்ளும் நச்சினார்க்கினியர் வழி ஷின்காய்க்கும் உடன்பாடு என்க.

பொழுதுக்குச் சான்று அதே இயக்குநரின் 2013ஆம் ஆண்டுப் படமான ‘தி கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்’. 46 நிமிடப் படம். ஷின்ஜுகு கியோயென் பூங்காவில் ஒரு சிறு மண்டபம், வெளியே மழை, கதை பெரும்பாலும் அதற்குள்ளேயே நடக்கிறது. ஆகவே அத்தலத்துக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது காலை. ஊர் சுற்ற வந்த மற்றவர்கள் எல்லாம் மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்க்க, இந்த அடியார்கள் மட்டும் வெயிலைக் கண்டு முகம் சுளிப்பார்கள். நாயகி அங்கே காலையிலேயே பீரும் சாக்லேட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பூங்காவிலோ மது கூடாது. ஆகையால் சாக்லேட்டோடு நிறுத்திக்கொள்க. திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. அன்று பெய்யும் மழை ஆய்வுக்குப் பயன்படாது.

கருப்பொருள் வருமாறு. தெய்வம், சுகா கோயிலில் எழுந்தருளியிருப்பவர். அவரைப் பார்க்கத்தான் படிக்கட்டு கட்டினார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுவதால் தனியே குறிக்கப்பட்டது. மரம், மின்கம்பம். புள், டோக்கியோவின் பருத்த காகம். பறை, கைப்பேசியின் ஷட்டர் ஒலி. ஜப்பானில் விற்கும் பெரும்பாலான கைப்பேசிகளில் அதை அணைக்க வழி இருப்பதில்லை. யாழ் செய்செகி-சகுராகவோகா ரயில் நிலையத்தில் உள்ளது. 1995இல் வந்த ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’ படத்தின் ஊர் அது என்பதால், வண்டி வரும்போது அங்கே ‘கன்ட்ரி ரோட்’ மெட்டு ஒலிக்கிறது.

இவ்வளவும் பீடிகை. இத்திணையின் உயிர்நாடி ஒழுக்கத்தில் இருக்கிறது. வந்தவர் என்ன செய்கிறார் என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். படியின் அழகை அவர் ரசிப்பதில்லை. கைப்பேசியில் படக்காட்சியை நிறுத்திவைத்து, அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். ஒரு படி இறங்குகிறார். முழங்காலை மடிக்கிறார். கைப்பிடியின் கோடு திரையில் உள்ள கோட்டோடு சேர்கிறதா? இல்லை. இன்னும் அரைப்படி இறங்க வேண்டும். அரைப்படி என்று ஒன்று இல்லாததால் ஒரு காலை மட்டும் கீழே வைக்கிறார். இப்போது சேர்ந்தது, ஆனால் கீழே ஒரு கூரியர் வண்டி நிற்கிறது. அது மூலத்தில் இல்லை.

இது சுற்றுலா அன்று. சுத்தமான பதிப்பாசிரியர் வேலை. உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டதுபோல் இவர் திரையையும் தெருவையும் ஒப்பிடுகிறார். வியப்பு என்னவெனில் இங்கே மூலபாடம் படம்; தெரு வெறும் படி, அதுவும் பிழை மலிந்த படி. ஷின்காய் குழுவினர் நேரில் போய்ப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்துத்தான் பின்னணி தீட்டினார்கள் என்று யார் எடுத்துச் சொன்னாலும் பதிப்பாசிரியர் அசைவதில்லை. வானம் திரையில் உள்ள அளவு ஊதாவாக இல்லையென்றால் அது வானத்தின் எழுத்துப்பிழை. கூரியர் வண்டி, மாடியில் காயும் துணி எல்லாம் இடைச்செருகல்.

கிஃபு மாநிலத்து ஹிடா-ஃபுருகாவா நிலையத்தில் இது இன்னும் முற்றியிருக்கிறது. அங்கே தண்டவாளத்துக்கு மேலே செல்லும் நடைபாலத்தில் நின்று, வண்டி வந்து சேரும் கணத்துக்காகக் காத்திருப்பார்கள். ‘யுவர் நேம்’ படத்தில் வருவது பழைய டீசல் விரைவு வண்டி. 2023 மார்ச்சில் அது ஓய்வு பெற்று, டீசலும் மின்சாரமும் கலந்த புது வண்டி வந்துவிட்டது. எவ்வளவு காத்திருந்தாலும் இனி அங்கே கிடைப்பது பாடபேதம் மட்டுமே.

மாந்தர் யார்? தலைவனும் தலைவியும் வெளிப்படை. அகத்திணையில் தலைமக்களுக்குப் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியர் விதி. ஒருவர் பெயர் மற்றவருக்கு மறந்துபோவதையே கதையாக வைத்திருக்கும் இப்படத்தைப் போல அவ்விதிக்கு அடங்கிய படம் வேறில்லை. யாத்திரையிலோ மூன்றாமவர் ஒருவர் கட்டாயம் தேவை. படம் எடுக்க ஆள் வேண்டாமா? அவரே தோழி. இருவரையும் சேர்த்துவைத்துவிட்டுத் தான் மட்டும் எந்தப் படத்திலும் இல்லாமல் போகிறார். கண்டோர் என்பார், காய்கறிப் பையோடு கீழே நின்று, இவர்கள் படம் எடுத்து முடியும் வரை காத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். நம் மரபில் கண்டோர்க்குக் கூற்று உண்டு. யோட்சுயாவில் அவர் வாய் திறப்பதில்லை. குனிந்து வணங்கிவிட்டு ஏறுகிறார்.

உரிப்பொருள் எது? இருத்தலா, இரங்கலா? இரண்டும் அன்று, கைக்கிளை. காதல் ஒரு பக்கம், படிக்கட்டு மறுபக்கம்.

அஃதேல், படத்துக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று ஆன தலத்துக்கு அடியார் போவது ஏன் எனின், கைக்கிளைக்கு மறுப்பு ஒரு பொருட்டன்று. ‘ஸ்பிரிட்டட் அவே’யின் குளியல் மாளிகை தைவானின் ஜியுஃபென் மலையூர்தான் என்று நம்பி ஏறுகிறவர்கள் ஏராளம். படத்தை இயக்கிய மியாசாக்கியே இல்லை என்று சொல்லிவிட்டார். டோக்கியோவின் கொகானேய் பகுதியில் உள்ள திறந்தவெளிக் கட்டட அருங்காட்சியகத்தில் ஒரு பழைய எழுதுபொருள் கடை இருக்கிறது. சுவர் நிறையச் சிறு இழுப்பறைகள். படத்தில் வரும் கொதிகலன் அறைக் கிழவரின் சுவர் அங்கிருந்து வந்தது. உண்மையான சான்று அதுவே. ஆனாலும் ஜியுஃபென்னில் சிவப்பு விளக்குகள் இருக்கின்றன; இழுப்பறையை யார் போய்ப் பார்ப்பார்கள்?

கடைசியாகப் பாலை. அதற்குத் தனி நிலம் இல்லை. மற்ற நிலம் திரிந்து பாலையாகும். 2019 ஜூலை 19 அன்று வெளியான ஷின்காயின் ‘வெதரிங் வித் யூ’வில் நாயகி ஒரு பாழடைந்த கட்டடத்தின் மொட்டைமாடிக் கோயில் வாயில் வழியாக வானத்துக்குப் போகிறாள். மாடிக் கோயில் கற்பனை, கட்டடம் நிஜம். அது யோயோகி கைக்கான். 1974இல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகன் அதே மாடியில் குடியிருந்ததால் முந்தைய தலைமுறையினர் ஏற்கெனவே அதைப் பார்க்க வந்துபோனார்கள். படம் வந்த அடுத்த மாதமே இடிப்பு வேலை தொடங்கியது. இந்திய ரசிகர்கள் இணையத்தில் கையொப்பம் திரட்டிக் கேட்டதன் பேரில் படம் அக்டோபரில் நம் நாட்டுக்கு வந்தது. ஆதலின் இங்கே முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்கியவருக்கு அத்தலம் தொடக்கத்திலேயே பாலை. அடுத்த படத்துக்கு ஷின்காய் இடம் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டால், படம் வரும் வரை காத்திராமல் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரரை விசாரித்துவிட்டு விமானச்சீட்டு எடுக்க என்க.